நாயின் பல்லில் எனாமல் சிதைவு: காரணங்களும் கவனிப்பும்

நம் சங்க மலரில் கல்வெட்டு, இலக்கணம், ஊர்ப்பெயர் என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். இந்த ஆண்டு நாயின் பல்லைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவினர், "என்னங்க ஐயா, திடீர்னு இந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். காரணம் இருக்கிறது. அகமதாபாத்தில் நம்மவர் வீடுகளில் நாய் வளர்ப்பது இப்போது பெருகியிருக்கிறது. என் கடை வாசலில் தெருநாய்கள் சில எப்போதும் படுத்துக் கிடக்கும் என்பது பலருக்கும் தெரியும். அதனாலேயே சங்கக் கூட்டத்துக்குப் போனால் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்து, "எங்க நாய்க்குப் பல்லு பழுப்பாயிடுச்சு, அரிச்ச மாதிரி இருக்கு, என்ன செய்யறது?" என்று கேட்கிறார்கள்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல, பாத்திர வியாபாரி. இந்த ஊர் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்துகொண்டதை, வீட்டார் புரிந்துகொள்ளும்படி இங்கே தொகுத்துத் தருகிறேன். வைத்தியம் மருத்துவர் வேலை. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் எது என்று தெரிந்துகொள்வது நம் வேலை.

எனாமல் என்பது என்ன?

பல்லின் மேலே தெரியும் வெள்ளை ஓடுதான் எனாமல். பாடப்புத்தகங்களில் பற்சிப்பி என்று போட்டிருப்பார்கள். உடம்பில் உள்ள பொருள்களிலேயே கடினமானது இதுதான். எடையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தாதுப்பொருள். பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். அதன் அடியில் இருப்பது டென்டின் என்னும் தந்தினி. அது எனாமலைவிட மென்மையானது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைந்தது. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்கூழ்.

என் தொழிலில் இருந்தே ஓர் உவமை சொல்கிறேன். பழைய எனாமல் தட்டு, எனாமல் குவளை உங்களில் பலர் வீட்டுப் பரணில் இருக்கும். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சை உலையில் சுட்டு ஏற்றியது அது. அந்தச் சரக்கில் குறை இரண்டு வகையாக வரும். ஒன்று, பட்டறையிலேயே பூச்சு சரியாக ஏறாமல் குழிகுழியாக வந்துவிடும். இன்னொன்று, நல்ல சரக்காக வந்தது கீழே விழுந்து, தேய்ந்து, சில்லுப் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் பழகிய கை தடவிப் பார்த்தே எது எந்தக் குறை என்று சொல்லிவிடும். நாயின் பல்லிலும் இதே இரண்டு வகைதான். உருவாகும்போதே வந்த குறை ஒன்று. உருவான பிறகு ஏற்பட்ட சேதம் மற்றொன்று. காரணம் தேடுமுன் இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உவமை பொருந்தாத இடமும் உண்டு. தட்டுக்கு மறுபடி பூச்சு ஏற்றலாம். பல்லுக்கு உடம்பு மறுபடி எனாமல் ஏற்றாது. எனாமலை உண்டாக்கும் செல்களுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர். பல் ஈறுக்குள் இருக்கும்போதே அவை தம் வேலையை முடித்துவிடும். பல் வெளியே முளைக்கும்போது அழிந்துபோகும். எனவே போன எனாமல் போனதுதான். கால்சியம் மருந்து ஊற்றினால் பல் திரும்பி வரும் என்று சிலர் குட்டிக்குப் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றுகிறார்கள். எனாமல் வராது, அதோடு பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

நாயின் எனாமல் நம்முடையதைவிட மெலிசு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் கடைவாய்ப் பல்லில் சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். எலும்பைக் கடிக்கிற வாய்க்கு இரும்புப் பல் இருக்கும் என்பது நம் கற்பனை.

காலக் கணக்கு

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. பிறந்து மூன்று வாரம் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் முளைத்துவிடும். நிலைப்பற்கள் 42. அவை ஏறக்குறைய மூன்று மாதத்தில் தொடங்கி ஏழு மாதத்துக்குள் வந்து முடியும். ஆனால் அந்த நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாவது அதற்கு முன்பே, பிறந்த சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதம் வரை. குட்டி இரண்டாம் மாதத்தில் பட்ட பாட்டை ஆறாம் மாதத்தில்தான் பல் காட்டும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, பல்லு விழுந்து முளைச்சதும் இப்படி ஆயிடுச்சு" என்று சொல்வது இதனால்தான். நேற்று எதுவும் நடக்கவில்லை. நடந்தது சில மாதங்களுக்கு முன்.

உருவாகும்போதே வரும் குறைகள்

முதல் காரணம் டிஸ்டெம்பர் நோய். நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை வைரசுக்கு உறவான ஒரு வைரசால் வருவது. இந்த வைரசை 1905-இல் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் ஆன்ரி கர்ரே கண்டறிந்தார். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ், இருமல், கழிச்சல், பின்பு தசைத் துடிப்பு, வலிப்பு என்று போகும். பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. பிழைத்த குட்டியின் பல்லில் அதன் அடையாளம் நிற்கும். இந்த வைரஸ் எனாமல் செய்யும் செல்களையே தாக்குகிறது. நோய் இருந்த நாள்களில் உருவாக வேண்டிய எனாமல் உருவாகாமல் போகிறது, அல்லது அரைகுறையாக உருவாகிறது. நோய் தணிந்ததும் மறுபடி சரியாக உருவாகிறது. அதனால்தான் பல பற்களில் குறுக்கே ஒரு பட்டை போலக் குழியும் பழுப்பும் தெரியும். அதன் மேலும் கீழும் பல் பளபளவென்று இருக்கும். மரத்தின் வளையத்தில் பஞ்ச ஆண்டு தெரிவதுபோல நோய் வந்த காலம் பல்லில் தெரிகிறது.

குஜராத்தில் இருக்கும் நமக்கு டிஸ்டெம்பர் என்ற பெயர் புதிதல்ல. 2018 செப்டம்பர், அக்டோபரில் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. அவற்றில் சிலவற்றின் மாதிரிகளில் இதே வைரஸ் இருந்தது உறுதியானது. அதன் பிறகு சிங்கங்களுக்கு வெளிநாட்டிலிருந்து தடுப்பு மருந்து வரவழைத்தார்கள்.

இரண்டாவது, வேறு கடுங்காய்ச்சலும் பட்டினியும். பார்வோ வைரஸ் போன்ற நோயில் படுத்த குட்டி, குடற்புழு மிகுந்து சத்தில்லாமல் கிடந்த குட்டி, தாயை இழந்து பால் கிடைக்காத குட்டி, இவற்றுக்கும் இதே மாதிரி பட்டைக் குறை வரலாம். எனாமல் செய்யும் செல்கள் மிக மென்மையானவை. உடம்பு தத்தளிக்கும்போது அவை வேலையை நிறுத்திவிடும்.

மூன்றாவது, அடிபடுதல். பால்பல் முளைத்த வயதில் குட்டி வண்டியில் மோதியோ பெரிய நாயிடம் கடிபட்டோ தாடையில் காயம் பட்டால், அந்த இடத்தின் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமல் கெடும். பால்பல் உடைந்து சீழ் பிடித்தாலும் அப்படியே. இதற்கு அடையாளம், ஒரு பல் அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு பற்கள் மட்டும் கெட்டிருக்கும். மற்றவை நன்றாக இருக்கும்.

நான்காவது, பரம்பரை. இத்தாலியன் கிரேஹவுண்ட், சமோயெட், பார்சன் ரஸ்ஸல் டெரியர் போன்ற சில இனங்களில் எனாமல் குறையை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. தாய், தகப்பன் இரண்டும் பார்வைக்கு நன்றாக இருந்து, இரண்டிடமும் அந்த மரபணு மறைந்திருந்தால் குட்டிக்கு வரும். இதில் ஒரு பட்டை மட்டும் கெடுவதில்லை. அநேகமாக எல்லாப் பற்களும் கரடுமுரடாக, பழுப்பாக இருக்கும். இப்படிப்பட்ட நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

ஐந்தாவது, மருந்து. டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் சினை நாய்க்கோ சின்னக் குட்டிக்கோ கொடுத்தால் அது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு பல்லில் தங்கிவிடும். பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆகும். பெரும்பாலும் நிறம்தான் மாறும். பல் வழவழப்பாகவே இருக்கும். குட்டிகளுக்கு மருந்துக் கடையில் கேட்டு நாமே மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாவது, தண்ணீரில் புளோரைடு. வட குஜராத்தில் மேசானா, பாட்டன், பனஸ்காண்டா பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் இது மிகுதி. நம் ஊர்ப் பக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் இருந்து வந்தவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். இந்தியாவில் புளோரைடு நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் விவரமாகப் பதிவு செய்யப்பட்டது. ஆடுமாடுகளின் பல்லில் இது அடிக்கடி காணப்படுவது. நாய்களில் அரிதாகவே பதிவாகியிருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக நல நிறுவனத்தின் வரம்பு. நாயின் பல்லில் சுண்ணாம்புத் திட்டும் பழுப்பும் இருந்து, வீட்டுப் பிள்ளைகளின் பல்லிலும் அதே மாதிரி இருந்தால் உடனே தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். நாய்க்காக இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்காக. ஒன்று சொல்லிவிடுகிறேன்: தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது. ஆவியாகிக் குறையக் குறைய அதன் அளவு கூடத்தான் செய்யும்.

உருவான பிறகு வரும் சேதம்

நன்றாக முளைத்த பல்லும் கெடலாம். கல், செங்கல் துண்டு, இரும்புக் கேட், கூண்டுக் கம்பி இவற்றைக் கடித்துக்கொண்டே இருக்கும் நாய்களுக்கு எனாமல் தேய்ந்துபோகும். கூண்டுக் கம்பியைக் கடிக்கும் நாய்க்குக் கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருக்கும்; பார்த்ததும் மருத்துவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். டென்னிஸ் பந்தை நாள் முழுக்க மெல்லுகிற நாய்க்கும் தேயும். பந்தின் மேலுள்ள பஞ்சில் மண் ஏறி உப்புக்காகிதம் போல ஆகிவிடுகிறது. தோல் அரிப்பால் உடம்பை ஓயாமல் கடித்துக்கொள்ளும் நாய்க்கு முன்பற்கள் மழுங்கும். அங்கே வைத்தியம் பல்லுக்கு மட்டும் பார்த்தால் போதாது, தோலுக்கும் பார்க்க வேண்டும்.

மெதுவாகத் தேய்ந்தால் பல் உள்ளிருந்து தந்தினியைச் சேர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அப்போது நடுவில் வழவழப்பான பழுப்புப் பொட்டு தெரியும். வேகமாகத் தேய்ந்தாலோ உடைந்தாலோ கறுப்புத் துளை தெரியும். அது பல்கூழ் திறந்துவிட்டதன் அடையாளம், காத்திருக்கக் கூடாது.

இங்கே நம் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்று. "நாங்க சைவம், எலும்பு போடறதில்லை, அதனாலதான் பல்லு கெட்டுதா?" இல்லை. எலும்பு எனாமலை வலுவாக்குவதில்லை. கெட்டி எலும்பு, மான்கொம்பு, மாட்டுக் குளம்பு இவற்றைக் கடித்து, மேல்வாயில் பின்பக்கம் உள்ள பெரிய வெட்டும் பல் பலகையாகப் பிளந்துபோவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். மெல்லக் கொடுக்கும் பொருளில் உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் அது நாயின் பல்லுக்கும் அதிகக் கடினம். அதே நேரம், வளரும் குட்டிக்குப் போதிய புரதமும் சத்தும் வேண்டும். வெறும் தயிர்சாதத்தில் குட்டி வளராது. சைவ உணவே கொடுப்பதானால் அளவையும் கலவையையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

நமக்கு வருவது போன்ற சொத்தை நாய்க்கு வருமா? வரும், ஆனால் குறைவு. அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை உள்ளது. பற்களும் பெரும்பாலும் கூம்பு வடிவம், உணவு தங்க இடமில்லை. பின்பக்கக் கடைவாய்ப் பல்லின் குழியில்தான் சொத்தை வரும். இனிப்பும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்க வேண்டாம்.

வெறும் காரை படிந்ததை எனாமல் சிதைவு என்று நினைப்பவர்களும் உண்டு. காரை பல்லின் மேல் எழும்பி நிற்கும். ஈறோரத்தில் கூடுதலாக இருக்கும். எனாமல் குறை உள்ளே குழிந்திருக்கும்.

ஒரு வீட்டில் நடந்தது

மணிநகரில் நமக்குத் தெரிந்த குடும்பம். தெருவில் நோயாகக் கிடந்த குட்டியைப் பையன் தூக்கி வந்து காப்பாற்றினான். ஏழு மாதத்தில் பார்த்தால் பல்லெல்லாம் பழுப்பு, குழி. கட்டடத்தில் இருந்தவர்கள், "இது விஷப் பல்லு, கடிச்சா ஆறாது, ஊருக்கு வெளியே விட்டுடுங்க" என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது. ஆட்டோ கூடப் பேசிவிட்டார்கள். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று பையன் கடைக்கு வந்து நின்றான். "விடறதுக்கு முன்னால ஒருதரம் டாக்டரம்மாகிட்ட காட்டிடுவோம் தம்பி" என்று கூடப் போனேன்.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "குட்டியில் காய்ச்சல் வந்து பிழைத்ததா?" என்பதுதான். பட்டைக் குறையைக் காட்டி விளக்கினார். விஷமும் இல்லை, தொற்றும் இல்லை. நோய் போய் மாதங்கள் ஆகின்றன, தழும்பு மட்டும் நிற்கிறது என்றார். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்ததில் வேர் சிறுத்த பல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. மற்றவற்றைச் சீராக்கிப் பூச்சு வைத்தார்கள். அதுவரை ஒரு பக்கமாகவே தின்றுகொண்டிருந்த நாய் அடுத்த வாரம் இரண்டு பக்கமும் மென்றது. அந்த அம்மா அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. "வலியோடவா இத்தனை நாள் வாலாட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அதுதான் இதில் உள்ள சிக்கல். எனாமல் போனால் தந்தினியின் நுண்குழாய்கள் வெளியே வந்துவிடும். சூடு, குளிர், அழுத்தம் எல்லாம் கூசும். ஆனால் நாய் வலியைக் காட்டாது, சோறும் தின்னும். நன்னூலார் மக்களையும் விலங்கையும் ஐயறிவு உயிர் என்ற ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். தொடு உணர்வும் வலியும் இருவருக்கும் பொது. சொல்ல வாய் நமக்கு இருக்கிறது, அதற்கு இல்லை. ஒரு பக்கமாக மெல்லுதல், குளிர்ந்த தண்ணீரைத் தவிர்த்தல், பொம்மையைக் கவ்வி உடனே விடுதல், முகத்தைத் தொட்டால் விலகுதல், இவற்றைக் கவனியுங்கள்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

குறை லேசாக இருந்தால் சொரசொரப்பை வழவழப்பாக்கி ஒட்டுப்பூச்சு போடுவார்கள். பெரிதானால் பல் நிறத்துக் கலவையால் அடைப்பார்கள். முக்கியமான பல்லுக்கு உறையும் போடலாம். செத்த பல்லுக்கு வேர் வைத்தியம் அல்லது எடுத்துவிடுவது. எக்ஸ்ரே இல்லாமல் மேலே மட்டும் பூசுவது போதாது. டிஸ்டெம்பரில் வேரும் கெட்டிருக்கலாம். சொரசொரப்பான பல்லில் காரை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் மெல்லிய பிரஷ்ஷால் தினமும் துலக்க வேண்டும்.

நாய்க்கென்று விற்கும் பற்பசையே வேண்டும். நம் பற்பசையை நாய் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. அது நாய்க்கு விஷம், சர்க்கரை அளவை வீழ்த்தி ஈரலைக் கெடுக்கும். கரித்தூள், செங்கல் தூள், சாம்பல், எலுமிச்சை எதுவும் கூடாது. மிச்சமுள்ள எனாமலையும் அவை எடுத்துவிடும். பழுப்பைக் கத்தியால் சுரண்டாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. தெருநாயோ வீட்டு நாயோ, திடீரென்று எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், தாடை தொங்கி, குணம் மாறித் தெரிந்தால் பல்வலி என்று எண்ணி வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். தள்ளி நின்று மருத்துவரை அழையுங்கள். கடியோ கீறலோ பட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

மேலே சொன்ன காரணங்களில் முதலாவதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசி. முதல் ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் நம்மவர் வழக்கம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு முதல் ஊசியின் வேலையை மறைத்துவிடக்கூடும்; அதற்காகத்தான் தொடர் ஊசி.

நம் சங்கம் ஆண்டுதோறும் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறது. அதே மைதானத்தில், வேறொரு நாளில், உறுப்பினர் வீட்டு நாய்களுக்கும் அவரவர் தெருக் குட்டிகளுக்கும் தடுப்பூசி முகாம் ஒன்று வைக்கலாம். முதல் முகாமுக்கான மருந்துச் செலவில் பாதியை நான் ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு அன்பர்கள் முன்வர வேண்டும்.